நாற்பத்திரண்டாம் நம்பர் பாவாடை

போன வாரம் பெரிய மார்க்கெட்டில் பேரிக்காய் வாங்கினேன். வாங்கும் உத்தேசம் இல்லை. மீன் பக்கம் போக வேண்டியவள், கூட்டம் தள்ளிய தள்ளலில் ஒரு பழக்கடை முன்னால் போய் நின்றேன். நின்ற பாவத்துக்கு வாங்கினேன். இப்போதெல்லாம் பழங்களுக்கு வெள்ளையாக ஒரு வலைச் சட்டை போட்டு விற்கிறார்கள். இந்தக் கடைக்காரர் மட்டும் என்னவோ ஒவ்வொரு காயையும் மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தபோது அந்தத் தாள் சரசரவென்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், கையில் பேரிக்காயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாளுக்கு ஒரு வாசனையும் உண்டு. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதில் பாதி. மற்றவர்களுக்கு அது செருப்பை நினைவூட்டும். எனக்குச் செண்பகம் அக்காவின் இடுப்பை நினைவூட்டுகிறது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடுப்பை முன்னிட்டுத்தான் ஒரு கத்திரி வெயிலில் எங்கள் அலுவலகத்தில் போர் நடந்தது. நான் போரில் கலந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் கத்திரிக்கோல் பிடித்துக் கொடுத்தேன்.

கல்லூரி முடித்த சூட்டில் கிடைத்த முதல் வேலை அது. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய வீட்டின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரே அறை. பிறந்தது, கல்யாணம் ஆனது, செத்தது என்று எதற்கான காகிதம் ஆனாலும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போக வேண்டியவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். முதலாளி மொழிபெயர்ப்பார், நாங்கள் மூன்று பெண்கள் டைப் அடிப்போம். முதலாளியை எல்லாரும் 'முசே' என்று கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஐயாவுக்குச் சொல்லும் சொல் எங்கள் ஊர் வாயில் பட்டுச் சுருங்கி அப்படி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வணக்கத்தில் ஆரம்பித்து நேராக நன்றியில் முடிந்துவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினேன். புரியாத மொழியில் டைப் அடிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. யார் செத்தாலும் நமக்குத் துக்கம் கிடையாது.

முசே கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது: பெண்கள் புடவையில்தான் வர வேண்டும். சுடிதார் போட்டால் "இது காலேஜு இல்ல" என்பார். பாவாடை தாவணி என்றால் "இது ஸ்கூலு இல்ல" என்பார். என்ன இல்லை என்பதில் அவ்வளவு தெளிவாக இருந்தவர், அந்த அறை ஒரு அடுப்பு என்பதை மட்டும் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்றா சொன்னேன்? தவறு. அவர் உட்காரும் இடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு இருந்தது. முற்பகலில் ஷீட் காய ஆரம்பித்ததும் அந்தத் தடுப்பின் மேல் ஒரு வெள்ளைச் சட்டை வந்து படுக்கும். முசே உள்ளே பனியனோடு இருக்கிறார் என்று பொருள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் சட்டை உள்ளே போகும். வந்தவர் இறங்கியதும் மறுபடி வெளியே வரும். எங்களுக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. அந்தப் பனியனைப் பற்றி அலுவலகத்தில் யாரும் வாய் திறந்து பேசியதும் இல்லை. எங்களுடைய ராணுவ ரகசியம் அது.

செண்பகம் அக்கா கடலோரத்து வைத்திக்குப்பத்துக்காரர். அவருடைய அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றார். அக்காவுக்கு அப்போது நாற்பதுகளின் நடு. டைப் அடித்துக்கொண்டே இருப்பார்; திடீரென்று முகம் சிவந்து, கழுத்து நனைந்து, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சற்று நேரத்தில் தானாகத் தணியும். அந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான். அப்போது அதற்கு எங்களிடம் பெயர் இருக்கவில்லை. 'மேலுக்கு முடியல' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவோம். இப்போது அந்தத் தீ எனக்கும் வந்து போகிறது. பெயர் தெரிந்திருக்கிறது என்பதற்காகக் கொஞ்சமும் குறைவதாகக் காணோம்.

அந்தக் கோடையில் அக்காவுக்கு உள்பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் வேர்க்குரு வந்து, புண்ணாகி, இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போட்ட மாதிரி சிவந்துவிட்டது. ஆறும்வரை அங்கே நாடா படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாடா இல்லாமல் உள்பாவாடை இல்லை. உள்பாவாடை இல்லாமல் புடவை நிற்காது. அக்கா இதை எப்படியோ சுற்றி வளைத்து முசேயிடம் சொன்னார்.

"அப்ப வெயிலு போற வரைக்கும் வீட்ல இருங்க," என்றார் முசே தடுப்புக்கு உள்ளேயிருந்து. "நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

வேறு ஆள் வந்தால் அக்காவின் நாற்காலி போய்விடும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். முசேவுக்கும் தெரியும்.

மூன்றாவது ஆள் தெரேஸ். அவள் சொந்தத்தில் பாதிப்பேர் பிரான்சில் இருந்தார்கள். வீட்டில் கவுனும் ஸ்கர்ட்டுமாக வளர்ந்தவள் அலுவலகத்துக்காக மட்டும் புடவை சுற்றுவாள். அவள் முன்னால் நடப்பாள், புடவை பின்னால் வந்து சேரும். மறுநாள் அவள் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். பாரீசிலிருந்து அத்தை அனுப்பியதாம். உறைமேல் ஒரு வெள்ளைக்காரியின் படம். அகலமான இடுப்புப் பட்டை, கணுக்காலுக்கு மேல் நிற்கும் தொளதொள ஸ்கர்ட், இரண்டு பக்கமும் பாக்கெட், பாக்கெட்டுக்குள் கை. வெயில் என்பதையே கேள்விப்படாதவளின் முகம். உறைக்குள், மடித்து மடித்து வைத்த மெல்லிய தாள். தாளில் கோடுகள். தாளைத் துணிமேல் வைத்துக் குண்டூசி குத்திக் கோட்டின்மேல் வெட்டித் தைத்தால் ஸ்கர்ட் வந்துவிடுமாம்.

"டெய்லர் வேணாமா?" என்றார் அக்கா.

"வேணாங்க்கா. நம்பளே தைச்சுக்கலாம்."

டெய்லர் வேண்டாம் என்பதிலேயே அக்காவுக்குப் பாதிப் புண் ஆறிவிட்டது. வயது வந்த பெண் ஒருத்தி பாவாடை தைக்கக் கொடுத்தால், உள்ளே கட்டவா என்றுகூடக் கேட்காமல் வெள்ளைப் பாப்ளினை எடுத்து வைத்துவிடுவார்கள் எங்கள் தெரு டெய்லர்கள்.

நான் வழக்கம்போலப் பயந்தேன். "வெள்ளைக்கார மதாமுங்க போட்டா ஸ்கர்ட்டு. நம்ப போட்டா உள்பாவாடையோட ஓடியாந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்றேன். தப்பாகச் சொல்லவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் தெருக்கள் இருக்கும் கடற்கரைப் பக்கம் எத்தனை கணுக்கால்கள் உலாவினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாலத்தைத் தாண்டி மேற்கே வந்ததும் அதே கணுக்காலுக்கு வேறு சட்டம்.

செண்பகம் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்கம்மா முட்டிக்கு மேல தூக்கிச் சொருவிக்கினு மீன் விக்கிது. ஊரே வந்து வாங்கிக்கினு போவுது. எவனாவது கேட்டானா? டைப் அடிக்கப் போனா மட்டும் காலுக்கு மானம் வந்துடுதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டில் கூடினோம். நீலக் கட்டம் போட்ட பருத்தித் துணியை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் காயவைத்திருந்தார். வெட்டுவதற்கு முன் துணியின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, பாரீசிலிருந்து வந்த தாளின் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தார். "அதுவும் புதுசு தானே?"

முதல் சிக்கல் மின்விசிறி. அது சுற்றினால் தாள் பறக்கும். ஆகவே நிறுத்தினோம். வெயிலுக்கு இதமான ஓர் உடை தைப்பதற்காக மூன்று பெண்கள் மே மாத மத்தியானத்தில் காற்றை நிறுத்திவிட்டுத் தரையில் மண்டியிட்டுக் கிடந்தோம். மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வேர்வை தாளில் விழுந்து கோடு கரைந்துவிடக்கூடாது என்று தலையைப் பக்கவாட்டில் சாய்த்தபடி ஊசி குத்தினோம். அக்காவின் கணவர் கலியபெருமாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா, பட்டம் உடப் போறீங்களா?"

"பாவாடை தைக்கிறோம்."

"அதப் போட்டுக்கினு வெளிய போவப் போறியா?"

"பின்ன நீ போட்டுக்கினு போறியா?"

"எனக்குப் பத்தாது," என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். அவருக்கு வாக்குப் பலிதம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

உறையின் மேல் பெரிதாக 42 என்று போட்டிருந்தது. நான் அக்காவின் இடுப்பை டேப்பால் சுற்றினேன். சரியாக நாற்பத்திரண்டு அங்குலம். "பாத்தியா, எனக்குன்னே அனுப்பியிருக்காங்க" என்று அக்கா பூரித்துப் போனார். உறைக்குள் ஒரு குறிப்புத் தாளும் இருந்தது, இரண்டு பக்கம், பொடி எழுத்தில், சுத்தப் பிரெஞ்சில். ஊராருக்கெல்லாம் பிரெஞ்சு மொழிபெயர்க்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். ஆனால் அதில் உண்மையிலேயே மொழிபெயர்க்கத் தெரிந்தவர் ஒரே ஆள். அவருக்குத் தெரியாமல்தான் இதைச் செய்துகொண்டிருந்தோம். மிச்சம் தெரேஸ்.

"பேசினா புரியும்," என்றாள் அவள். "படிக்கணும்னாதான் தூக்கம் வந்துடும். படம் போட்டிருக்குல்ல, அப்பறம் என்ன?"

வெட்டினேன். கோடு பிசகாமல் வெட்டினேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. அக்கா காலால் மிதித்துத் தைத்து முடித்தார். மறைவில் போய்ப் போட்டுப் பார்த்தார்.

"மேல ஏறல," என்றார் உள்ளேயிருந்து.

தொடை வரை வந்த பாவாடை அதற்கு மேல் ஒரு விரற்கடை வர மறுத்தது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு பக்கத் தையல் படபடவென்று விட்டது. அப்போதுதான் தெரேஸ் குறிப்புத் தாளைக் கையில் எடுத்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. தைப்பதற்கு ஓரத்தில் விட வேண்டிய துணியை அந்தக் கோட்டில் சேர்க்கவில்லையாம். நாமே சுற்றிலும் விட்டு வெட்டிக்கொள்ள வேண்டுமாம். நாற்பத்திரண்டு என்பது இடுப்பின் சுற்றளவே இல்லையாம். செருப்புக்கு நம்பர் போடுகிற மாதிரி அவர்கள் உடம்புக்கு ஒரு நம்பர் போடுகிறார்கள். நிஜ அளவு கீழே சென்டிமீட்டரில் இருந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?"

"படிச்சாத்தானே சொல்ல முடியும்."

பாரீசில் இந்தத் தவறு நடக்காது. அங்கே யாருக்கும் அங்குலம் தெரியாது. மதராசிலும் நடக்காது, அங்கே யாருக்கும் பிரான்சிலிருந்து உறை வராது. பிரெஞ்சுத் தாளை விரித்து வைத்துக்கொண்டு அதை இங்கிலீஷ்காரன் அங்குலத்தால் அளக்க எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

துணியும் மிச்சமில்லை. விடிந்தால் திங்கட்கிழமை. புதிய ஆளைப் பார்க்க முசே யாரிடமோ சொல்லி வைத்திருப்பது எங்கள் காதுக்கு வந்திருந்தது. செண்பகம் அக்கா தையல் மெஷின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கொடியில் கிடந்த அரக்குப் புடவையை உருவினார். அலுவலகத்துக்கு அவர் அடிக்கடி கட்டி வரும் புடவை. தலைப்பை விரித்துத் தரையில் போட்டு, என் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கினார்.

"அக்கா, தலைப்புல போயி கத்திரி வைக்கலாமா?" என்றேன்.

"வச்சாச்சு," என்றார்.

இரண்டு பக்கத்திலும் அந்த அரக்குத் துணியை நீளமாக விட்டுத் தைத்தார். பாக்கெட்டுகள் அதற்குள் போய் உட்கார்ந்தன. இந்த முறை பாவாடை மறுபேச்சில்லாமல் ஏறியது. அகலப் பட்டை புண்ணுக்கு மேலே பட்டும் படாமல் நின்றது. அக்கா பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். பிறந்ததிலிருந்து தன் உடம்பில் கையை வைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லாமல் இருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. "ஆம்பளைங்க ஏன் எப்பவும் தெம்பா நிக்கிறானுங்கன்னு இப்பத் தெரியுது" என்றார்.

திங்கட்கிழமை அக்கா உள்ளே நுழைந்த நேரம், முசே தண்ணீர் எடுக்கத் தடுப்பை விட்டு வெளியே வந்திருந்தார். அன்றைக்குக் காலையிலேயே புழுக்கம். பனியனோடு நின்றார்.

"இது என்ன செண்பகம்?"

"பாவாடை, முசே."

"தெரியுது. புடவை எங்க?"

அக்கா பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார். "தோ. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். புடவை இல்லாம வரல."

தெரேஸ் டைப்ரைட்டருக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"விளையாடாதீங்க. பார்ட்டிங்க வந்தா என்ன நினைப்பாங்க?"

"நீங்க பனியனோட நிக்கிறீங்க. அத நெனைக்காதவங்க இத மட்டும் நெனைப்பாங்களா?"

ரகசியம் உடைந்துவிட்டது. முசே தன் மார்பைக் குனிந்து பார்த்தார், அந்தப் பனியனை யாரோ அவருக்குத் தெரியாமல் மாட்டிவிட்ட மாதிரி. குரல் இறுகியது. "நாளைக்குப் புடவையில வாங்க. இல்லன்னா வரவே வேணாம்."

"ஒண்ணு சொல்லவா முசே? நாளைக்கி சாயந்தரம் வரைக்கும் நீங்க சட்டைய கழட்டாம உக்காருங்க. உக்காந்துட்டீங்கன்னா, புண்ணாவது ஒண்ணாவது, மறுநாள்லேருந்து நான் புடவை. ஒரு பேச்சு பேச மாட்டேன். கழட்டிட்டீங்கன்னா என்னைய உட்டுடணும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளிதானே. ஆனால் முடியாது என்றால், சட்டையோடு உட்கார முடியாது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "சட்டையோட உக்கார்றது ஒரு பெரிய விஷயமா?" என்றார். அங்கேதான் மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை அக்கா அதே பாவாடையில் வந்தார். அரக்குப் புடவையை மடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கும்படி மேஜை ஓரத்தில் வைத்தார். முசே முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு வந்தார். ஷீட் காய்ந்தது. தடுப்பின் மேல் ஒன்றும் வரவில்லை. உச்சிவேளை ஆயிற்று. உள்ளே செம்பிலிருந்து தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் அக்காவுக்கு அந்தத் தீ வந்தது. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் பாவாடையைக் கொஞ்சம் உதறிவிட்டு, அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஆளு தாக்குப் புடிக்கிறாருடி," என்றார் என்னிடம் மெதுவாக. முதல் தடவையாக அவர் குரலில் பயம் இருந்தது. நான் என்ன அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குப் பல பேரை இரண்டு முறை கல்யாணம் செய்து வைத்திருப்பேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பார்ட்டி வந்தார். முசே வெளியே வந்து பேசினார். சட்டை வேர்வையில் ஊறி உடம்போடு ஒட்டி, உள்ளே இருந்த பனியன் அதன் ஓட்டைகளோடு தெளிவாகத் தெரிந்தது. வந்தவர் அதையும் பார்க்கவில்லை, அக்காவின் பாவாடையையும் பார்க்கவில்லை. அவருக்குத் தன் காகிதம்தான் முக்கியம். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். முசே தடுப்புக்குள் போனார்.

பிறகு அந்தச் சட்டை மேலே வந்தது. எப்போதும்போலப் படுக்காமல், ஈரம் கனத்து ஒரு கை எங்கள் பக்கமாகத் தொங்கியது.

மூன்று டைப்ரைட்டர்களும் நின்றன. தெரேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தொண்டையைச் செருமினார்.

"முசே, இந்தப் பைய எடுத்துக் கீழ வச்சிடட்டுமா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "வேலையப் பாருங்க."

அவ்வளவுதான். சட்டம் திருத்தப்பட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அக்காவின் நாற்காலி அக்காவிடமே இருந்தது. சாயந்தரம் மாடிப்படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தப் புடவைக்குத் தலைப்பே கிடையாது. "அக்கா, தோத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இதத்தான் கட்டிக்கினு வந்திருப்பேன். தலைப்பு இல்லாத புடவையோட ஒரு நாளு என்னைய பாத்தாருன்னா, மறுநாளு அவரே பாவாடை வாங்கியாந்து குடுப்பாரு."

அடுத்த வாரம் தெரேஸ் தன் ஸ்கர்ட்டில் வந்தாள். அதற்கும் பிறகு, இனி ஆபத்து ஒன்றும் இல்லை என்று நன்றாகத் தெரிந்ததும், நான் தைத்துக்கொண்டேன். எந்தப் புரட்சியிலும் எனக்குப் பழக்கமான இடம் அது.

அந்த மாடி இப்போது வார இறுதிக்கு வருகிறவர்கள் தங்கும் அறை. முசே இல்லை. தெரேஸ் பாரீசில் குளிரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். செண்பகம் அக்கா வேலையை விடும்வரை பாவாடையில்தான் வந்தார். அவர் கண்ணை மூடிய பிறகு வழக்கப்படி அவர்மேல் புதுப்புடவை போர்த்தினார்கள். அன்றைக்கு மட்டும்தான் அவரிடம் பதில் இல்லை.

நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகம் முழுக்க ஏசி. நானும் பாவாடையில்தான் போகிறேன். இடுப்பில் எதையும் இறுக்கிக் கட்டும் காலம் எனக்கும் முடிந்துவிட்டது. போன மாதம், மே மாதத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு, எனக்கு மேலதிகாரியான ஒரு தம்பி என் மேஜைக்கு வந்தார். "மேடம், ஸ்கர்ட்டு வேணாமே. கொஞ்சம் ஃபார்மலா வந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார், மிகவும் பணிவாக. அவர் சட்டையைப் பார்த்தேன். ஒரு மடிப்புக் கலையவில்லை. நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை கிடையாது. இந்த ஆளிடம் என்ன சொல்லிப் பந்தயம் கட்டுவது? முதலாளி, டைப்பிஸ்ட் என்று பார்க்காமல் ஒரே மாதிரி காய்ந்த அந்த வெயில் அலுவலகங்களை விட்டே போய்விட்டது. எங்கள் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சி அதுதான்.

"பாக்கலாம் தம்பி" என்றேன். அந்தக் குளிரில் மத்தியானத்துக்கு மேல் முழங்காலுக்குக் கீழே எனக்கு விறைத்துப் போகிறது. போகட்டும். நாளைக்கும் பாவாடையில்தான் போவேன்.